கிரவுண்டில் ஒரு கோடு

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு சின்ன ஆளியைத்தான். ஸ்கோப்பின் முகப்பில், புரோப்பைச் செருகும் துவாரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். மூன்று நிலைகள்: ஏசி, ஜிஎன்டி, டிசி. "எதையும் அளக்க முன்னம் இதை நடுவில வெச்சுக் கோட்டைப் பாருங்க" என்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. இப்போது எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு. மருதானையில் என் கடை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் முட்டிக்கொள்ளும் அளவு இடம். தொலைக்காட்சிப் பெட்டி, கசெட் ரெக்கோடர், அம்ப்ளிபயர் என்று எது வந்தாலும் பார்ப்போம். கடையில் பெறுமதியான பொருள் என்றால் ஸ்கோப் ஒன்றுதான். பாடப் புத்தகத்தில் அதன் பெயர் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி. மூன்று வருஷத்துக்கு முன் பஞ்சிகாவத்தையில் பழையதாக வாங்கினேன். இரண்டு சனல்கள் உள்ள, இருபது மெகாஹேர்ட்ஸ் வரை காட்டக்கூடிய ஜப்பான் தயாரிப்பு. இரண்டு மாத வருமானம் அதற்குப் போயிற்று. அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையிலும் ஸ்கோப் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்றவர்கள் ஊகிப்பார்கள், நான் பார்ப்பேன் என்ற பெருமை.

என்னோடு ஒரு பையன் வேலை செய்தான். பத்தொன்பது வயது. வாப்பா இல்லாத வீடு. மூன்று வருஷமாக என்னிடம்தான் பழகினான். கை சுத்தம். ஈயம் வைத்தால் மணி மணியாக நிற்கும். காதும் கூர்மை. ரேடியோவைத் திறக்காமலே, கரகரப்பை வைத்து இன்ன இடம் என்பான். நான் சிரிப்பேன்.

ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர் தன் அம்ப்ளிபயரைக் கொண்டுவந்தார். மைக்கைப் போட்டால் ஊம் என்று இரைகிறது என்றார். இரைச்சல் என்றால் முதலில் சந்தேகப்படுவது மின்வழங்கியின் கொண்டென்சர்களைத்தான். வீட்டு மின்சாரம் ஐம்பது ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். சீராக்கி அதன் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடும்போது, செக்கனுக்கு நூறு மேடுகள் கிடைக்கும். மேடு வரும்போது கொண்டென்சர் நிரம்பும். பள்ளம் வரும்போது தன்னிடமுள்ளதைக் கொடுத்து மட்டத்தைக் காக்கும். அது நலிந்தால் பள்ளங்கள் தலைகாட்டும். அதைத்தான் ரிப்பிள் என்கிறோம். பையனிடம் காசு கொடுத்து, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதிதாக இரண்டு வாங்கிவரச் சொன்னேன். 2200 மைக்ரோபரட், 50 வோல்ட். வாங்கி வந்து போட்டான். இரைச்சல் நிற்கவில்லை.

நான் ஸ்கோப்பை இழுத்துவைத்தேன். மைக் பகுதிக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட் கம்பியில் புரோப்பை மாட்டினேன். திரையில் தெளிவாக அலை. ஒரு கட்டத்துக்கு ஐந்து மில்லிசெக்கன் என்று வைத்திருந்தேன். இரண்டு கட்டங்களுக்கு ஓர் அலை. அப்படியானால் பத்து மில்லிசெக்கன், நூறு ஹேர்ட்ஸ். சந்தேகமே இல்லை, ரிப்பிள். உயரம் அரைக் கட்டம். ஒரு கட்டத்துக்கு இருபது மில்லிவோல்ட். பத்தில் ஒன்றாகக் குறைக்கும் புரோப் என்பதால் பத்தால் பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் நூறு மில்லிவோல்ட்.

"புதுசு எண்டு எதை வாங்கின?" என்றேன்.

"புதுசுதான் நானா."

"புதுசு போட்டா இப்படி வருமா? துடைச்ச பழசை வாங்கிப்போட்டு மிச்சக் காசை என்ன செய்த?"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு அம்ப்ளிபயரின் பக்கம் காதைச் சாய்த்தான். "நானா, இது நூறு இல்ல. ஐம்பது. சத்தம் தடிப்பா இருக்கு. கேட்டுப் பாருங்க" என்றான்.

"மிசின் பொய் சொல்லுமா, நீ சொல்லுவியா?" என்று கேட்டேன். அம்ப்ளிபயர்க்காரர் பக்கத்தில் நின்றார். இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பையன் ஸ்குரூட்ரைவரை மேசையில் வைத்தான். எறியவில்லை, வைத்தான். இறங்கிப் போய்விட்டான்.

அன்று மாலை அவன் போட்ட கொண்டென்சர்கள் இரண்டையும் கழற்றினேன். வேறு புதியவை போட்டேன். அலை அப்படியே இருந்தது. வோல்ட்டைச் சீர்செய்யும் ஐசியை மாற்றினேன். அப்படியே. இறுதியில் மின்வழங்கியையே துண்டித்துவிட்டு, என் மோட்டார் சைக்கிளின் பன்னிரண்டு வோல்ட் பட்டரியைக் கழற்றி வந்து கொடுத்தேன். திரையில் அதே அலை. அதே அரைக் கட்டம்.

பட்டரியில் ரிப்பிள் இருக்க முடியாது. பட்டரிக்குள் மேடுமில்லை, பள்ளமுமில்லை. முதுகில் ஏதோ ஊர்வது போல் இருந்தது. கையை நீட்டி, அந்தச் சின்ன ஆளியை ஜிஎன்டிக்குத் தள்ளினேன்.

அந்த நிலையில் வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது. புரோப் துண்டிக்கப்பட்டு, ஸ்கோப்பின் முதல் வாசல் சைபர் வோல்ட்டோடு இணைக்கப்படும். திரையில் வரவேண்டியது ஒரு நேர்கோடு மட்டுமே. என் திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டமும் குறையாமல், கூடாமல்.

மிசின் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று இரவு கடையைப் பூட்டவில்லை. மூன்று வருஷமாகப் பாவித்த கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் ஒழுங்காகக் கற்றேன். ஸ்கோப்போடு கிடைத்த கைந்நூலின் போட்டோப் பிரதி ஒன்று இருந்தது. அதில் கட்டம் கட்டமாக வரைந்த படம். ஒவ்வொரு கட்டமும் ஒரு வேலைக்காரன். ஒருவன் வாங்கி அடுத்தவனிடம் கொடுக்கிறான். இதில் எவன் பொய்யைக் கலந்தான் என்று, மூடியைத் திறக்காமல் முகப்பின் திருகிகளாலேயே ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போனேன். அந்த நிதானத்தில் பாதியைக்கூடப் பகலில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

முதலாவது வாசல். புரோப்பின் முனையில் ஒன்பது மெகாஓம் தடை இருக்கிறது. ஸ்கோப்பின் உள்ளே ஒரு மெகாஓம். பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வருவது இதனால்தான். இவ்வளவு பெரிய தடை ஏன்? அளக்கப்போகும் சுற்றிலிருந்து மின்னை உறிஞ்சி அதன் நிலையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. பார்க்கப் போனவன் பார்க்கப்படுவதைக் கெடுக்காதிருக்க வேண்டும். ஜிஎன்டியிலும் அலை நின்றதால் புரோப்பும் வாசலும் குற்றமற்றவை.

இரண்டாவது, அளவைக் குறைக்கும் பகுதி. ஒரு கட்டத்துக்கு ஐந்து மில்லிவோல்ட்டிலிருந்து ஐந்து வோல்ட் வரை ஒன்று, இரண்டு, ஐந்து என்ற படிகளில் திரும்பும் பெரிய திருகி இதனுடையது. உள்ளே தடைகளின் சோடிகள். ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் சிறு கொண்டென்சர். அது இல்லாவிட்டால் மெதுவான அலையை ஒரு விகிதத்திலும் வேகமான அலையை இன்னொரு விகிதத்திலும் பிரித்துவிடும். திருகியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினேன். உண்மையான அலையாக இருந்தால் திரையில் பெருத்துச் சிறுத்திருக்க வேண்டும். இது அசையவில்லை. எந்தப் படியிலும் அரைக் கட்டமே. அப்படியானால் பொய் இந்தப் பகுதிக்கும் பின்னால் கலக்கிறது. பகலில் ஒரே ஒரு தடவை இந்தத் திருகியைத் திருப்பியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நூறு மில்லிவோல்ட் என்று பெரிய கணக்குப் போட்டேனே, அதற்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவது, முதல் நிலை விரியலாக்கி. சனலுக்கு ஒன்று. ஒரு மெகாஓம் வாசலைக் காக்க முன்னால் ஓர் எப்ஈடி. பின்னால் சோடி சோடியாக ட்ரான்சிஸ்டர்கள். கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் திருகி சேர்வதும் இங்கேதான். திரையில் ஓடுவது ஒரே கதிர். அதை இரண்டு சனலுக்கும் பங்கிட ஒரு மின் ஆளி இருக்கிறது. ஒரு தடவை ஒன்றை முழுதாக வரைந்து அடுத்த தடவை மற்றதை வரையும். மெதுவான அலையென்றால் இரண்டுக்கும் இடையே வெகுவேகமாகத் தாவித் தாவி வரையும். நாம் இரண்டு கோடுகள் என்று நம்புகிறோம். இரண்டாம் சனலுக்கு மாற்றினேன். அதே அலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அரிது. குற்றம் இருவருக்கும் பொதுவான இடத்தில்.

நான்காவது, ட்ரிகர். ஸ்கோப்பின் மூளை இதுதான் என்பேன். திரையில் அலை அசையாமல் நிற்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது திரும்பத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அலையின் ஒரே புள்ளியிலிருந்து வரையத் தொடங்கினால்தான் படம் நிற்கும். அலை இந்த உயரத்தை, ஏறும்போது அல்லது இறங்கும்போது, கடக்கும் கணத்தில் 'இப்போது தொடங்கு' என்று சொல்வது ட்ரிகரின் வேலை. முன்னைய கருவிகளில் கதிர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வேகத்தை அலையோடு ஒத்துப்போகத் திருகித் திருகிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஹவார்ட் வொலம், ஜாக் மேர்டொக் ஆகியோர் 1946இல் தொடங்கிய டெக்ட்ரொனிக்ஸ் நிறுவனம், மறு வருஷம் 511 என்ற ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. ட்ரிகர் கட்டளைக்குக் காத்திருந்து ஓடும் கதிரைப் பழுதுபார்ப்பவனின் மேசைக்குப் பரவலாகக் கொண்டுவந்த பெருமையில் அதற்குப் பெரும் பங்குண்டு. என் ஸ்கோப்பில் ட்ரிகரை 'லைன்' என்ற நிலைக்கு மாற்றினேன். அப்போது கதிர் வீட்டு மின்சாரத்தின் தாளத்துக்குத்தான் தொடங்கும். அலை ஆணியடித்தது போல் நின்றது. அந்தப் பொய் சுவர்ப் பிளக்கிலிருந்து வருகிறது என்பதற்கு இது சாட்சி.

ஐந்தாவது, கதிரை இடமிருந்து வலமாக ஓட்டும் பகுதி. ஒரு கொண்டென்சரை மாறாத மின்னோட்டத்தால் நிரப்பினால் அதன் வோல்ட்டளவு சீராக ஏறும், குழாயடியில் வைத்த வாளியில் நீர் மட்டம் ஏறுவது போல. அந்த ஏற்றம்தான் காலம். வலது விளிம்பை அடைந்ததும் கொண்டென்சர் சட்டென்று வெறுமையாகும். கதிர் அணைந்து இடப்பக்கம் திரும்பும். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். இதைச் சோதிக்க எக்ஸ்-வை என்ற நிலைக்கு மாற்றி, இரண்டு சனல்களையும் ஜிஎன்டியில் வைத்தேன். கதிர் ஓடாது, நடுவில் ஒரு புள்ளி மட்டும் நிற்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்தேன், இல்லாவிட்டால் திரையின் பூச்சு எரிந்துவிடும். புள்ளி இல்லை. குத்தென நின்ற ஒரு சிறு கீறல். ஓட்டும் பகுதியும் குற்றமற்றது.

ஆறாவது, குழாய். பின்னால் சூடேறும் கதோட்டு. அதிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் இரண்டு சோடித் தகடுகளுக்கு நடுவே போகின்றன. ஒரு சோடி மேலும் கீழும் வளைக்கும், மற்றது இடமும் வலமும். முன்னே பச்சையாக ஒளிரும் பூச்சு; அதன்மேல் எட்டுக்குப் பத்து என்று சென்ரிமீற்றர்க் கட்டங்கள். ஜேர்மனிய விஞ்ஞானி பெர்டினான்ட் பிரவுன் 1897இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இதன் மூதாதையைச் செய்தபோது, கதிர் ஒரு திசையில் மட்டுமே வளைந்தது. காலத்தை விரித்துப் பார்க்கச் சுழலும் கண்ணாடி ஒன்றை முன்னால் வைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு என் மேசையில் அவரின் பேரப்பிள்ளை இருந்தது. குழாய் தானாக எதையும் சொல்வதில்லை. தகடுகளில் வந்ததைக் காட்டும், அவ்வளவுதான்.

மிஞ்சியவை இரண்டு. மேல்கீழ்த் தகடுகளை ஓட்டும் இறுதி விரியலாக்கி, எல்லாருக்கும் உணவு கொடுக்கும் மின்வழங்கி.

பிளக்கைக் கழற்றினேன். குழாய்க்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வோல்ட் போகிறது. நிறுத்திய பிறகும் உள்ளே தங்கியிருக்கும். காத்திருந்து, மின்னை இறக்கி, மூடியைத் திறந்தேன். ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில், சூட்டில் பொரிந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு பெரிய கொண்டென்சர். தலை சற்றே பொங்கியிருந்தது. இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம் - இவ்வளவுதான் அதன் உடம்பு. வருஷக்கணக்கான சூட்டில் திரவம் உலர்ந்துவிட்டால் வெறும் தகரம். கவனமாக மின்னைக் கொடுத்து, மீற்றரை ஆடலோட்ட நிலையில் வைத்துப் பார்த்தேன். சீரான மட்டம் இருக்க வேண்டிய கம்பியில் ஆட்டம் தெரிந்தது. சில வாரங்களாகவே கோடு தடிப்பாகத் தெரிந்தது நினைவுக்கு வந்தது. குழாய்க்கு வயசாகிவிட்டது என்று போக்கஸ் திருகியைத் திருகித் திருகிச் சமாளித்திருந்தேன்.

அதன் உடம்பில் எழுதியிருந்ததைத் துடைத்து வாசித்தேன். 2200 மைக்ரோபரட்.

பையன் வாங்கி வந்த இரண்டும் மேசையில் கிடந்தன, மாலையில் நான் கழற்றி எறிந்தவை. மீற்றரால் சோதித்தேன். பழுதில்லை. புத்தம்புதியவை. ஒன்றை எடுத்து ஸ்கோப்பில் ஈயம் வைத்தேன். மூடாமலே போட்டேன். ஆளி ஜிஎன்டியில் இருந்தது. திரையில் ஒரு கோடு வந்தது. மெலிந்த, நேரான, அசையாத கோடு.

காலையில் அம்ப்ளிபயரைத் திரும்பப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் கம்பி சுத்தமாக இருந்தது. இரைச்சல் மட்டும் இருந்தது. மைக் வயரின் பிளக்கைத் திறந்தேன். சுற்றிப் பின்னிய காப்புக் கம்பி அறுந்து தனியே நின்றது. சுவரிலிருக்கும் மின்சாரத்தை அந்த வயர் ஏரியல் போல் வாங்கிக்கொண்டிருந்தது. சீராக்கிக்குள் போகாத மின்சாரம். அதனால் நூறு அல்ல, ஐம்பது. தடிப்பான சத்தம். ஒரு துளி ஈயத்தில் முடிந்தது.

அன்றே அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மாளிகாவத்தை, நடந்தால் கால் மணித்தியாலம். போகவில்லை. நாளைக்குத் தானாக வருவான் என்று என்னை நானே ஏமாற்றினேன். அவன் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். 'ஸ்கோப் பழுதாகிவிட்டது' என்று சொல்லலாம் என்றிருந்தேன். பிழையை மிசினின் தலையில் போட்டுவிடலாம். ஆனால் ஜிஎன்டி ஆளி என் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாதது மிசின் அல்ல. ஒரு கிழமை இப்படிக் கழிந்தது. பிறகு போனேன்.

அவனுடைய உம்மா கதவைத் திறந்தார். மாமாவோடு காலிக்குப் போய்விட்டான், அங்கே ஒரு கடையில் வேலை என்றார். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவன் ஒன்றும் எடுக்கவில்லை, பிழை என்னுடையது என்றேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அவன் எங்களுக்கிட்ட ஒண்டும் சொல்லல்லியே மகன். நானா கடையில வேலை குறைவாம் எண்டுதான் சொன்னான்" என்றார். சம்பள மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டேன். அவன் மறு வருஷம் ரியாதுக்குப் போனதாகப் பிறகு அறிந்தேன்.

காலம் மாறிவிட்டது. என் கடையில் இப்போது கையில் தூக்கும் டிஜிட்டல் ஸ்கோப்பும் இருக்கிறது. அதில் ஓடும் கதிர் இல்லை. வாசலும் குறைக்கும் பகுதியும் விரியலாக்கியும் ட்ரிகரும் அப்படியே. அதற்குப் பின்னால் அலையைத் துண்டு துண்டாக அளந்து எண்ணாக மாற்றி நினைவில் வைக்கிறது. சாதாரணமானவற்றில் உயரத்துக்கு 256 படிகள். அதற்கும் தன் பொய்கள் உண்டு. அலையின் வேகத்துக்குப் போதாமல் அளந்தால், வேகமான அலையை மெதுவான அலையாக, அதுவும் அழகாக, நம்பும்படி காட்டும். கருவி புதிதானால் பொய்யும் புதிதாகிறது. பழைய ஸ்கோப்பையும் நான் விற்கவில்லை. இன்னும் வேலை செய்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருநாளன்று தொலைபேசி அடித்தது. குரல் பிடிபடவில்லை. பெயரைச் சொன்னான். ரியாதில் ஒரு கட்டடத்தின் மின்பகுதி முழுவதையும் பார்க்கிறானாம். மூன்று பிள்ளைகளாம். உம்மா நான் வந்துபோனதை அப்போதே சொல்லிவிட்டாராம். கதைக்க வேண்டும், கதைக்க வேண்டும் என்று வருஷங்கள் போய்விட்டன என்றான். அந்தச் சொல்லை அவன் தன் பக்கம் எடுத்துக்கொண்டது எனக்குச் சுட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வரவில்லை. "பிழை என்னிலதான் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஸ்கோப்பில என்ன போயிருந்திச்சு நானா?" என்று கேட்டான்.

"பவர் சப்ளை கொண்டென்சர். ரெண்டாயிரத்து இருநூறு."

"எதைப் போட்டீங்க?"

"நீ வாங்கினதை."

அந்தப் பக்கம் அமைதி. பிறகு சிரித்தான். மருதானைக் கடையில் சிரித்த அதே சிரிப்பு.

"இப்ப கோடு நேரா வருதா?"

"வருது" என்றேன்.